ஹார்ட் பூட் வாங்கப் போய் முழங்காலைக் கொடுத்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு, ஹார்ட் பூட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸ் போட்டு, ஸ்னோபோர்டு என்கிற பனிச்சறுக்குப் பலகை ஓட்டும் தமிழச்சி என்னைத் தவிர இன்னொருத்தி இருப்பாளா என்று தெரியாது. இருந்தால் அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2022-லிருந்து 2024 வரை இந்த பூட்ஸ் விவகாரத்தில் எனக்குத் தண்டமாகப் போன பணம் ஏறக்குறைய 16,000 ராண்ட். கடைசியில் சரியான பூட்ஸை வரவழைக்க ஆனது 12,000 சொச்சம். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் மிச்சப் பணத்தில் வீட்டுக்கூரையைச் சரி செய்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் மதுரைக்காரி. பனியை முதன்முதலில் தொட்டதே ம்யூனிக்கில் வேலை பார்த்த இரண்டு வருஷங்களில்தான். அங்கே வார இறுதிகளில் ஆஸ்திரியப் பக்கம் போய், எல்லோரையும் போல மெத்தென்ற சாஃப்ட் பூட் போட்டு ஸ்னோபோர்டு கற்றேன். ஒரு நாள் காலை லிஃப்டில் போகும்போது கீழே ஒரு வயதான அம்மா ஒடுங்கிய நீளப் போர்டில், உடம்பு தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, பனியில் பென்சில் கோடு மாதிரி மெல்லிய வளைவு போட்டுக்கொண்டே இறங்கினார். அதுதான் ஆல்பைன் ஸ்னோபோர்டிங். ஒலிம்பிக்கில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் கொடிகளைச் சுற்றி வளைந்து இறங்குவார்களே, அந்த வகை. 2018-இல் பியோங்சாங்கில் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா காலுக்கு ஒரு பலகை மாட்டும் ஸ்கீயில் ஒரு தங்கம், இதில் ஒரு தங்கம் என்று அள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கலாம். காலில் இருப்பது துணி பூட்ஸ் அல்ல, ஸ்கீ பூட் மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு. உள்ளே நுரை லைனர், வெளியே நாலைந்து பக்கிள். போர்டில் அதைப் பிடிப்பது பட்டை கிடையாது, முன்னாலும் பின்னாலும் கம்பி வளையம் வைத்த தட்டு. அதைத்தான் பைண்டிங் என்பார்கள்.

கல்யாணமாகி டர்பன் வந்தபிறகு இந்த ஆசை அப்படியே கிடந்தது. நம் பக்கத்தில் பனி என்றால் அண்டை நாடான லெசோத்தோவில் இருக்கும் ஆஃப்ரிஸ்கீ பனிச்சறுக்குத் தலம்தான். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு பெரிய சரிவு, 3,222 மீட்டர் உயரம், பாதிக்கு மேல் இயந்திரம் தூவும் பனி. இதற்குப் போய் ஆல்பைன் போர்டா என்று கேட்பீர்கள். உண்மையில் கார்விங்குக்கு, அதாவது விளிம்பில் சாய்ந்து கோடு போட்டு இறங்குவதற்கு, கெட்டியாக வாரிவிட்ட தரைதான் வேண்டும், காலை 9 மணிக்கு அங்கே அது கிடைக்கும். 2022 மே மாதம், கடலோரமாக ப்ளஃப் பகுதியில் ஒரு ஜெர்மன் தாத்தா போர்டு, பைண்டிங், ஹார்ட் பூட்ஸ் மூன்றையும் சேர்த்து 4,200 ராண்டுக்கு விற்கிறார் என்று விளம்பரம் பார்த்தேன். போய்ப் பார்த்தால் பூட்ஸில் கீறல்கூட இல்லை. தொண்ணூறுகளில் ஊரிலிருந்து கொண்டுவந்தாராம், நாலைந்து தடவைதான் போட்டாராம், அப்புறம் கராஜ் அலமாரியிலேயே இருந்ததாம். காலை விட்டுப் பார்த்தேன், சௌகரியமாக இருந்தது. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மாலையில் இரண்டு தப்பு செய்துவிட்டேன். இரண்டும் எனக்கு அன்று தெரியாது.

ஜூலையில், ஆடி பிறந்ததும், வீட்டில் எல்லோரும் மாரியம்மன் கோயில் பொரிட்ஜ் பிரேயருக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த வாரம், நான் மட்டும் காரை எடுத்தேன். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித், கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க், கலிடன்ஸ்பூர்ட் எல்லைச்சாவடி, பிறகு புத்தா-புத்தே தாண்டி மோட்டெங் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலை கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை முதல் ரன் அருமை. இரண்டாவது ரன்னில் பாதிச் சரிவில் குதிகால் பக்கம் சாய்ந்து திரும்பும்போது ‘டொப்’ என்று ஒரு சத்தம், வறுத்த அப்பளத்தைக் கையால் நொறுக்குவது போல. பின்கால் பூட்ஸின் குதிகால் விளிம்பு பொடிந்து பைண்டிங்கிலேயே நின்றுவிட்டது. பின்கால் விடுபட்டுவிட்டது, முன்கால் போர்டோடு பூட்டியபடி இருக்கிறது. ஸ்கீ பைண்டிங் விழுந்தால் தானே கழன்றுகொள்ளும். இது கழலாது. போர்டு ஒரு பக்கம் திரும்ப நான் இன்னொரு பக்கம் விழுந்தேன். முன்கால் முட்டி முறுக்கிக்கொண்டது.

ஜவ்வு அறுபடவில்லை, பிடிப்போடு போனது என் அதிர்ஷ்டம். ஆனாலும் ஐந்து தடவை பிசியோ, தடவைக்கு 680 ராண்ட். திரும்பி வரும் வழியில் கிளாரன்ஸில் நிறுத்தி, கார் டிக்கியில் அந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். உடையாத இன்னொரு பூட்ஸின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் பழைய சோப்புக்கட்டி மாதிரி உதிர்கிறது. மேலே பார்த்தால் பளபளப்பு அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை, பத்து விநாடி அழுத்திப் பார்த்திருந்தால் கராஜிலேயே தெரிந்திருக்குமே என்று.

பிறகு தெரிந்துகொண்டது இது. இந்த ஓடுகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வருஷக்கணக்கில் மெல்ல அறுக்கும். வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகமாக. டர்பன் கடலோரக் கராஜ் என்றால் கேட்கவே வேண்டாம், ஊறுகாயே பூஞ்சை பிடிக்கிற ஊர். போடாமல் வைத்திருந்தால் புதுசாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், இந்த பிளாஸ்டிக்குக்கு வயதுதான் கணக்கு. அதனால் பழைய ஜோடி வாங்கப் போனால் ஓட்டின் உள்பக்கத்திலும் அடியிலும் பாருங்கள். வார்ப்பில் சின்ன வட்டம் போட்டு நடுவில் வருஷம், சுற்றிலும் மாத எண்கள், ஓர் அம்புக்குறி என்று பல தயாரிப்புகளில் பதித்திருப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் என்றால் நான் தொடவே மாட்டேன். தேதி கிடைக்காவிட்டால் பைண்டிங் கம்பி பிடிக்கும் முன், பின் விளிம்புகளையும் பக்கிள் ஆணி அடித்த இடங்களையும் நகத்தால் அழுத்துங்கள், ஓட்டைக் கையால் பிதுக்கி மடக்குங்கள். மயிரிழை விரிசலோ, மாவு மாதிரித் தூளோ தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டாலே நல்லது என்று அர்த்தமில்லை. அந்தத் தாத்தா ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் தெரியாது. போர்டும் பைண்டிங்கும் உலோகமும் மரமுமாகத் திடமாக இருந்தன, இன்றும் அவற்றைத்தான் ஓட்டுகிறேன்.

2023-இல் முட்டி சரியானதும் புத்திசாலித்தனம் வந்துவிட்டதாக நினைத்து ஸ்கீ பூட்ஸ் வாங்கினேன். பைண்டிங் தட்டில் ஸ்கீ பூட்டும் உட்காரும், நிறையப் பேர் ஓட்டியும் இருக்கிறார்கள். ஜோஹானஸ்பர்க்கில் ஒருவர் மூன்று வருஷப் பழசை 1,900 ராண்டுக்குக் கொடுத்தார். பிளாஸ்டிக் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அந்த ஜூன் பயணம் முழுக்கப் பின்கால் கெண்டைச்சதையில் குத்துவலி. காரணம் யோசித்தால் எளிது. ஸ்கீயில் இரண்டு காலும் நேராக முன்னால் பார்க்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி மடங்கினால் போதும். போர்டில் கால்கள் முன்பின்னாக விலகி, சாய்கோணத்தில் நிற்கின்றன. முன்கால் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும், பின்கால் நன்றாக முன்னால் மடங்கி, முட்டி உள்பக்கமும் கொஞ்சம் சாய வேண்டும். ஸ்னோபோர்டுக்கென்று செய்த ஹார்ட் பூட்டில் பின்புறம் ஒரு நெம்புகோல் இருக்கும், எவ்வளவு முன்சாய்வு என்று காலுக்குக் கால் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அதிலும் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைய இடம் விட்டிருப்பார்கள், பக்கவாட்டிலும் இளக்கம் இருக்கும். என் ஸ்கீ பூட்டோ சிமென்ட் தூண். கூடவே இன்னொன்று: ஸ்கீ பூட்டின் அடி நீளம். ஸ்னோபோர்டு பூட்டில் குதிகாலை உள்ளே தள்ளிச் செதுக்கியிருப்பதால் அதே கால் அளவுக்கு அடி குட்டையாக இருக்கும். என் போர்டின் இடுப்பு, அதாவது நடு அகலம், 19 செ.மீ.தான். ஸ்கீ பூட்டின் நுனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு, போர்டைச் சாய்த்ததும் பனியில் உரசி என்னைத் தூக்கி எறிந்தது. உரசாமல் இருக்கப் பைண்டிங்கை 65 டிகிரிக்குத் திருப்பினேன். அப்போது உடம்பே ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இப்போது 58, 55 டிகிரியில் நிம்மதியாக நிற்கிறேன். ஸ்கீ பூட்தான் கிடைக்கிறது என்றால் மென்மையான, அடி குட்டையான ஜோடியாகப் பாருங்கள். அடிப்பாகம் நடப்பதற்காக வளைத்து ரப்பர் ஒட்டிய வகை என்றால் வேண்டாம். கம்பி பிடிக்கும் விளிம்பு தட்டையாக, கெட்டியாக இருந்தால்தான் நம்பலாம்.

அந்தப் பயணத்தில் லாட்ஜ் அறையில் ஐஸ் பொட்டலத்தைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவில்தான் எனக்கு உறைத்தது: நான் போர்டைப் பார்த்துவிட்டு பூட்ஸை அதற்குத் தோதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தலைகீழ் வேலை. போர்டு கொஞ்சம் தப்பானாலும் சமாளிக்கலாம், பூட்ஸ் தப்பானால் எந்தப் போர்டும் ஓடாது.

அப்புறம் அளவு விஷயம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குவது. டீலக்ஸ், யூபிஇசட் என்று இந்த பூட்ஸ் செய்கிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அளவு எல்லாம் மோண்டோ கணக்கு, அதாவது பாதத்தின் நீளம் செ.மீ.யில். நம் செருப்பு எண்ணை அப்படியே மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை செ.மீ. பெரிதாகத்தான் வரும். தாத்தாவின் பூட்ஸ் 26, என் பாதம் 24.3. வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவது போல வாங்கியிருக்கிறேன்! பெரிதான பூட்டில் குதிகால் தூக்கும், அதை அடக்கப் பக்கிளை இறுக்குவோம், ரத்தம் ஓடாமல் பாதம் மரக்கும், வலிக்கிறதே இன்னும் பெரிதாக வாங்குவோமா என்று தோன்றும். இந்தச் சுழலில் மாட்டாதீர்கள்.

அளப்பது இப்படி. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், சுவரில் குதிகாலை ஒட்டி நின்று தரையில் காகிதத்தில் நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். இரண்டு காலுக்கும் தனியாக. பூட்ஸ் கையில் இருந்தால் லைனரை வெளியே எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்சுவரை லேசாகத் தொடும்வரை நகர்த்துங்கள். அப்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று பாருங்கள். ஒரு விரல் நுழைந்தால், அதாவது 10 முதல் 15 மி.மீ., சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் அது உங்கள் பூட்ஸ் இல்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். லைனரோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி இடிக்க வேண்டும், முட்டியை மடக்கியதும் அது விலக வேண்டும். இடிக்கிறதே என்று பயந்துதான் நான் முதல் தடவை பெரிதாக எடுத்தேன். இன்னொரு சூட்சுமம், பல தயாரிப்புகளில் இரண்டு அரை அளவுகளுக்கு ஓடு ஒன்றுதான், லைனரோ உள்ளடியோ மட்டும் மாறும். எந்த அளவில் ஓடு மாறுகிறது, அடி நீளம் எத்தனை மி.மீ. என்று கடைக்காரரிடம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் காசு கட்டுங்கள். பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்குக் கெண்டைச்சதை பொதுவாகக் கொஞ்சம் கீழேயே தொடங்குகிறது, பூட்டின் மேல்பட்டை அங்கே கடிக்கும். மேல் பக்கிளின் ஏணிப்பல்லைக் கழற்றி வெளிப்பக்கம் நகர்த்தி மாட்ட முடிகிறதா என்று பாருங்கள், அது பெரிய உபகாரம்.

2023 ஜூலை முதல் வாரம் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தேன். பூட்ஸ் 430 யூரோ, கூரியர் 48. சுங்கவரி, அதன்மேல் 15 சதவீத வாட், கிளியரிங் கட்டணம் என்று இங்கே தனியாக 2,600 ராண்ட். பணத்தைவிட நாள்தான் எரிச்சல். விலைப்பட்டியலில் பொருளின் பெயர் சரியாக எழுதப்படவில்லை என்று மூன்று வாரம் பெட்டி அசையவே இல்லை. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு புதுப் பதில். கையில் வந்தபோது செப்டம்பர், சரிவு மூடியாகிவிட்டது. எனவே மார்ச், ஏப்ரலிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள். அங்கே பருவம் முடிந்து தள்ளுபடி போடும் காலமும் அதுதான். ‘ஸ்னோபோர்டு பூட்ஸ், பிளாஸ்டிக், ஒரு ஜோடி’ என்று பட்டியலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அளவு தப்பினால் திருப்பி அனுப்பும் செலவே இன்னொரு பூட்ஸில் கால்வாசி ஆகும், அதனால்தான் மேலே அவ்வளவு நீட்டி முழக்கினேன்.

லைனர் சூடாக்கிக் காலுக்கு வார்க்கும் வகை. ஐரோப்பாவில் கடையில் அடுப்பு வைத்துச் செய்து தருவார்கள், டர்பனில் யாரிடம் போவது? அந்த வகை லைனருக்கு ஒரு வீட்டு வைத்தியம் உண்டு, அரிசி. நீளமான பருத்தி சாக்ஸ் இரண்டில் பச்சரிசியை முக்கால் பாகம் நிரப்பி முடிச்சுப் போட்டு, பக்கத்தில் ஒரு குவளை தண்ணீரோடு மைக்ரோவேவில் சூடாக்கினேன். கை பொறுக்காத சூடு வந்ததும் லைனருக்குள் திணித்தேன். அத்தை சமையலறைக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் பேசுவார், அன்று மட்டும் தெளிவாக வந்தது. “அரிசியப் போயி சாக்ஸ்ல போடுறியே, லட்சுமி இல்லையாம்மா அது?” சாக்ஸ் புதுசு அத்தை என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, மைக்ரோவேவ் மட்டும் பத்திரம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். வீடெல்லாம் பொரி வறுக்கும் வாசனை.

இரண்டு முறை சூடாக்கியதும் லைனர் பஞ்சு போலத் தளர்ந்தது. விரல்களுக்கு இடம் வேண்டுமே, அதற்கு ஒரு பழைய சாக்ஸின் நுனியை வெட்டிக் குல்லாய் மாதிரி விரல்களில் மாட்டி, மேலே ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். லைனரைக் காலில் போட்டுக்கொண்டு ஓட்டுக்குள் இறங்கி, குதிகாலைத் தரையில் தட்டி நன்றாகப் பின்னால் உட்கார வைத்தேன். பக்கிளை இறுக்காமல் மாட்டி, விரல் பக்கம் ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றி, முட்டியை லேசாக மடக்கி, அசையாமல் கால்மணி நேரம் நின்றேன். அந்தக் கால்மணி நேரத்தில் வாசலில் மணி அடித்தது, போகவில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லா லைனரும் இப்படி வார்க்கிற வகை இல்லை. தையல் போட்ட சாதாரண நுரை லைனரைச் சூடாக்கினால் பாழாகும், பெட்டியில் வந்த தாளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

2024 ஜூலையில் மறுபடி மோட்டெங் ஏறினேன். போகுமுன் வீட்டுத் தரையில் பைண்டிங்கைப் புது அடி நீளத்துக்கு மாற்றிவைத்தேன். பூட்ஸ் மாறினால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், முன் நெம்புகோல் கொஞ்சம் பலம் கொடுத்து மூடி ‘டக்’ என்று உட்கார வேண்டும். நுனி பக்கிளைப் பேருக்கு மாட்டி, புறங்காலில் இருப்பதைக் குதிகால் அமரும் அளவுக்கு இழுத்து, மேலிரண்டையும் முட்டியை மடக்கியபடி இறுக்கினேன். முதல் நாள் இரண்டு மணி நேரம்தான் தாங்கியது, புறங்கால் மரத்தது, லிஃப்டில் பக்கிளைத் தளர்த்திக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் காலை 9:20-க்கு, ஆளில்லாத சரிவில், திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு. நடுவில் இரண்டு இடத்தில் சறுக்கி அகலமாகியிருந்தது. பரவாயில்லை.

இப்போது அந்த பூட்ஸ் கராஜில் இல்லை. ஒவ்வொரு முறையும் லைனரை உருவித் தனியாகக் காயவைத்து, ஓட்டை உள்ளே துடைத்து, வடிவம் கெடாமல் இருக்கப் பக்கிளை லேசாக மாட்டி, படுக்கையறை அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டில் வைக்கிறேன். ஓட்டின் உள்பக்கம் வாங்கிய வருஷத்தை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். ஸ்கீ பூட்ஸ் இன்னும் விற்கவில்லை. மோண்டோ 24.5, பிளாஸ்டிக் நல்ல நிலை, 900 ராண்டுக்குக் கொடுத்துவிடுவேன், ஸ்கீ ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்.